பன்னிரண்டு அறை இருந்தும் பட்டாலையில் குவியல்

கேள்வி: எங்கள் ஊர் தேவகோட்டை பக்கம். என் கணவரின் ஐயா (தாத்தா) கட்டிய செட்டிநாட்டு வீடு, நாலு புள்ளிக்கு, அதாவது அண்ணன் தம்பி நாலு பேர் குடும்பத்துக்கும், பொது. கணவர் ஓய்வு பெற்றதும் சென்னையை விட்டு இங்கே வந்துவிட்டோம். எண்பத்தொரு வயது மாமியாரும் நாங்கள் இருவரும்தான் நிரந்தரமாக இருக்கிறோம். கணவரின் அண்ணன் சென்னையில், தம்பிகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும். பன்னிரண்டு அறை இருந்தும் பட்டாலையில், அதாவது எல்லோரும் புழங்குகிற கூடத்தில், கால் வைக்க இடமில்லை. அண்டா, டிரங்குப் பெட்டி, உடைந்த நாற்காலி, அட்டைப்பெட்டி, பழைய பேரேடு, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் அங்கேதான். இரண்டு பீரோவும் ஆறு பிளாஸ்டிக் பெட்டியும் வாங்கினேன். அவையும் நிரம்பிவிட்டன. எதை எடுத்தாலும் மாமியார், "இருக்கட்டும், நாளைக்கு வேணும்" என்கிறார். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு எல்லோரும் வரும்போது அத்தனையையும் எங்கள் இரண்டு அறைக்குள் தள்ளிப் பூட்டுகிறேன். அவர்கள் போன ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. காரைக்குடியிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் இரண்டு முறை வந்து மொத்தமாக விலை பேசினார். கொடுத்துவிடலாமா? எங்கே தொடங்குவது? மாடியில் போட ஸ்டீல் ரேக் வாங்கலாமா?

பதில்:

ஆச்சி, வணக்கம்.

ஆட்கள் வரும்போது எல்லாவற்றையும் "எங்கள் இரண்டு அறைக்குள்" தள்ளுவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. பன்னிரண்டு அறை என்று சொல்லிக்கொண்டாலும் உங்கள் கைக்கு உரியவை இரண்டுதான். புள்ளிக்கு இரண்டு வீதம் எட்டு அறைகள் பிரிந்துபோயிருக்கும். அதில் ஆறு பூட்டிக் கிடக்கும். சாவி ஊரில் இருக்காது. மிச்சம் உள்ள பொது அறைகளில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் முழுசாகத் தெரிந்திருக்காது. அப்படியானால் வீட்டுக்குள் வருகிற பொருள் எங்கே போய் நிற்கும்? யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத இடத்தில்தான் நிற்கும். பட்டாலையும், வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிய பத்தியும் (தாழ்வாரமும்), அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டும் அப்படிப்பட்ட இடங்கள். இதில் உங்கள் சோம்பலோ திறமைக்குறைவோ எதுவும் இல்லை. வீட்டின் பங்கு பிரிந்த விதமே குவியலை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

இந்தப் பக்கத்து வீடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் தொழில். வீட்டை ஒழுங்காக வைப்பது பற்றிப் பத்திரிகைகளில் வருகிற குறிப்புகளில் முக்கால்வாசி நகரத்து பிளாட்டை மனதில் வைத்து எழுதியவை. பிளாட்டில் இடம் போதாது. ஒரு பொருள் உள்ளே வந்தால் இன்னொன்றை வெளியே அனுப்பியே ஆகவேண்டும். இடமே அங்கே முடிவெடுக்க வைத்துவிடும். நம் வீடுகளில் அந்த நெருக்கடி கிடையாது. ‘இதை இப்போதைக்கு அங்கே வை’ என்று சொல்ல எப்போதும் ஒரு மூலை மிச்சமிருக்கும். நாற்பது ஐம்பது வருடத்து ‘இப்போதைக்கு’ சேர்ந்துதான் இன்று உங்கள் பட்டாலையில் நிற்கிறது. அதனால் புதிதாகப் பெட்டி வாங்குவதால் ஒன்றும் மாறாது, அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். நான் சொல்வது இரண்டு வேலை. நீங்கள் வாழ்கிற வீட்டைச் சுருக்குங்கள். மற்றதற்குக் கணக்கு எழுதுங்கள்.

முதலில் சுருக்குவது. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை வைத்துத்தான் கட்டினார்கள். முகப்பில் வந்தவர்களை உட்கார வைப்பது, கொடுக்கல் வாங்கல் பேசுவது. வளவில் கல்யாணம், அறுபது எண்பது வயதுச் சாந்தி, படைப்பு. வளவைச் சுற்றிய அறைகளில் அந்தந்தப் புள்ளியின் சொந்தச் சாமான். இரண்டாங்கட்டில் பந்தி. அதற்குப் பின்னால் அடுப்படி, உக்கிராணம் (சாமான் வைக்கும் அறை), கிணற்றடி. ஒரு விசேஷம் என்றால் நூறு இருநூறு பேர் புழங்குவதற்கான அளவு இது. அதே அளவில் மூன்று பேர் பரவி வாழ்ந்தால் செய்தித்தாள் முகப்பிலும், மாத்திரை பட்டாலையிலும், மூக்குக்கண்ணாடி இரண்டாங்கட்டிலும், போன் சார்ஜர் அடுப்படியிலுமாகக் கிடக்கும். பகல் முழுக்கத் தேடவேண்டியிருக்கும்.

ஆகவே உங்கள் கணவரும் நீங்களும் உட்கார்ந்து ஒரு எல்லை போடுங்கள். உங்கள் இரண்டு அறை, மாமியார் படுக்கும் இடம், இப்போது சமைக்கிற இடம், அதை ஒட்டிச் சாப்பிடுகிற இடம், குளியலறை, இவற்றை இணைக்கும் நடைபாதை. இதுதான் அன்றாட வீடு. தினமும் பெருக்குவது, துடைப்பது, அடுக்குவது எல்லாம் இந்த எல்லைக்குள் மட்டும். பட்டாலையும் வளவும் எல்லைக்கு வெளியே. அங்கே அன்றாடப் பொருள் ஒன்றுகூட இருக்கக்கூடாது, ஆறப்போட்ட துண்டு உட்பட. பொது அறைகளை வாரத்துக்கு ஒன்று வீதம் திறந்து, ஜன்னலைத் திறந்துவிட்டுப் பெருக்கினால் போதும். ‘பெரிய வீடு, எல்லாவற்றையும் தினம் பார்க்கணுமே’ என்ற மலைப்பில்தான் பலர் எதையும் பார்ப்பதில்லை.

இந்த எல்லைக்குள் பிளாட்டுக்காரர்களுக்குச் சொல்வதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். சில பொருட்களை இரண்டாகவோ மூன்றாகவோ வாங்குங்கள். துடைப்பம், கத்தரிக்கோல், டார்ச், குப்பைக்கூடை. அடுப்படிக்கும் முகப்புக்கும் நடுவே அறுபது எழுபது அடி இருக்கிற வீட்டில், ஒரே கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைக்கச் சொன்னால் யாரும் வைக்க மாட்டார்கள். முட்டி வலிக்கிற வயதில் அது நியாயமும் இல்லை. புழங்குகிற இடத்துக்கு இடம் ஒன்று இருந்தால் அதனதன் ஆணியில் அது தொங்கும். ஆணி என்றதும் ஒரு எச்சரிக்கை: வழவழவென்று மினுங்குகிற பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் அடிக்காதீர்கள். அந்தப் பூச்சு உடைந்தால் அதே பக்குவத்தில் பூசித்தர ஆள் கிடைப்பது கடினம். மரச்சட்டத்தில் கொக்கி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். பித்தளை அண்டாவில் தொடங்காதீர்கள். பட்டாலையைப் பார்த்ததும் பெரிதாகத் தெரிவது அண்டாவும் தவலையும்தான், பழியும் அவற்றின் மேல்தான் விழுகிறது. ஆனால் அடைசலை ஒரு நாள் பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பகுதி கடந்த இருபது வருடத்தில் வந்ததாக இருக்கும். கூரியர் அட்டைப்பெட்டி, கடையில் வாங்கிய சாப்பாட்டு டப்பா, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, பழுதான மிக்ஸி, டியூப்லைட் பட்டி, அரை டின் பெயிண்ட், இறுகிப்போன சிமெண்ட் மூட்டை, ஒரு கட்டு தாம்பூலப்பை. இவற்றுக்கு எந்தப் புள்ளியும் உரிமை கேட்டு வராது, மாமியாருக்கும் இவற்றின் மேல் பாசம் இருக்காது. முதல் வாரம் முழுக்க இதை மட்டும் வெளியேற்றுங்கள். பேட்டரியை எடைக்குப் போடுபவரிடம் கொடுக்கவேண்டாம். உள்ளே காரீயமும் அமிலமும் இருக்கிறது. பேட்டரி விற்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு புதியதில் விலை கழிப்பார்கள். அட்டைப்பெட்டி ஒன்றைக்கூடச் ‘சாமான் போட்டு வைக்கலாம்’ என்று மிச்சம் வைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கரையானுக்கு அதுவே விருந்து, கரப்பான் முட்டையிடவும் தோதான இடம்.

இதிலேயே பட்டாலையில் பாதித் தரை தெரியும். அந்தப் பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பார்த்தால் உங்களுக்கே அடுத்த வேலைக்குத் தெம்பு வரும். கனமான டிரங்குப் பெட்டியை ஆத்தங்குடிக் கல்லின் மேல் இழுக்காமல், அடியில் பழைய சாக்கோ ஜமக்காளமோ போட்டு நகர்த்துங்கள். வருடக்கணக்கான கறை என்று ஆசிட் ஊற்றிவிடாதீர்கள். அந்தக் கல்லில் பூ இருப்பது மேலே உள்ள மெல்லிய நிறச் சிமெண்ட் அடுக்கில் மட்டும்தான். ஆசிட் அதை அரித்துவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பழைய மினுக்கம் வரும்.

இனி சாவி. இதைச் சின்ன வேலை என்று நினைக்கவேண்டாம். வீட்டில் இருக்கிற சாவிக்கொத்துகள் எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டி, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சேர்ந்ததற்கு ஒரு அட்டை கட்டி அறையின் பெயரை எழுதுங்கள். சேராததைத் தனி டப்பாவில் போடுங்கள். வெளியூரில் இருக்கும் மூன்று புள்ளிகளிடமும் மாற்றுச்சாவி கேளுங்கள். ‘உங்கள் அறையைக் குடைய மாட்டேன், மழை ஒழுகினாலோ கரையான் ஏறினாலோ திறந்து பார்க்க ஆள் வேண்டும்’ என்று உங்கள் கணவர் வழியாகச் சொல்லுங்கள். பூட்டிய அறையில் ஓடு விலகி, இரண்டு மழைக்காலம் தண்ணீர் இறங்கி, தேக்குப் பெட்டியோடு உள்ளே இருந்த பட்டெல்லாம் மக்கிப்போவதை இந்தப் பக்கம் பார்க்காதவர்கள் குறைவு. அதனால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம்தான் கணக்கு. ஆச்சி, உங்கள் வீட்டுக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்தவர்கள் அணாப் பைசா விடாமல் எழுதிய பேரேடுதான் உங்கள் பட்டாலையில் கிடக்கிறது. கல்யாணத்தில் பெண்ணுக்கு வைக்கிற சாமானுக்கு லிஸ்ட் எழுதுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. வீட்டுக்குள் வந்தபோது எழுதிய கணக்கு, அதற்குப்பின் தொடரவில்லை. அதைத் தொடர்வதுதான் உங்கள் வேலை.

ஒரு நீளமான நோட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், காலை வெயில் வளவில் விழுகிற நேரமாக இருந்தால் நல்லது. பொருளை எடுத்து, துடைத்து, ஒரு எண் கொடுத்து, போனில் ஒரு படம் எடுத்து, நோட்டில் எழுதுங்கள்: என்ன பொருள், எத்தனை, என்ன நிலை, யாருடையது, எங்கே வைத்திருக்கிறது. எண்ணைத் துணி நாடாவில் எழுதிக் கட்டுங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் பித்தளையிலும் பர்மா அரக்குச் சாமானிலும் பசை ஏறி, எடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். யாருடையது என்பதற்கு ஆளைக் கேட்குமுன் பாத்திரத்தைக் கேளுங்கள். பழைய பாத்திரங்களில் விளிம்பிலோ அடியிலோ பெயர் வெட்டியிருக்கும். குடும்ப விலாசமோ (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்), கொண்டுவந்த பெண்ணின் பெயரோ, சிலவற்றில் ஊரும் இருக்கும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சாய்வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். பங்காளிகளுக்குள் வரக்கூடிய பாதிப் பேச்சு அந்த ஒரு வெட்டெழுத்தில் அடங்கிவிடும்.

உலோகம் கழுவினால் நன்றாக வெயிலில் காயவைத்தே அடுக்குங்கள். மங்குச் சாமானை, அதாவது எனாமல் பாத்திரங்களை, ஒன்றுக்குள் ஒன்று போடும்போது நடுவே பழைய வேட்டித்துணி வையுங்கள். எனாமல் பெயர்ந்ததைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பித்தளையில் சமைப்பதென்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும்.

எழுதும்போதே நாலு விதமாகப் பிரிந்துவிடும். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எல்லோரும் எடுக்கிற பெரிய அண்டா, தாம்பாளம், விளக்கு, ஜமக்காளம் பொதுச் சாமான். பெயர் வெட்டியது அந்தப் புள்ளியுடையது. யாருடையது என்று தெரியாதது கேட்கவேண்டியது. உடைந்து பயனற்றுப்போனது போகவேண்டியது. பொதுச் சாமானுக்கென்று ஒரே ஒரு அறையை ஒதுக்குங்கள். உக்கிராண அறை ஓட்டை இல்லாமல் இருந்தால் அதுவே தோது, பந்திக்கட்டுக்கும் பக்கம். விசேஷம் முடிந்ததும் நோட்டைப் பார்த்து எண்ணித் திரும்ப வைக்கலாம். ‘அந்தப் பெரிய தூக்கு எங்கே போச்சு’ என்ற தேடல் அதோடு நிற்கும்.

கேட்கவேண்டிய சாமானைக் குடும்ப வாட்ஸ்அப்பில் படமாகப் போட்டு, ஒரு மாதம் தவணை கொடுங்கள். இதில் ஒரே ஒரு விதிதான், அதை அடுத்த படைப்புக்கு எல்லோரும் கூடியிருக்கும்போது பெரியவர்கள் முன்னால் பேசி முடித்துவிடுங்கள்: வேண்டும் என்று சொல்கிற புள்ளி அதைத் தன் அறைக்குள் எடுத்துவைக்க வேண்டும். பட்டாலையில் இருக்கட்டும் என்ற பதில் செல்லாது. தன் அறையில் இடம் பிடிக்கும் என்றதும் பலரும் நிஜமாக வேண்டியதை மட்டும் கேட்பார்கள். இதை மருமகளான நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவரோ அவர் அண்ணனோ சொல்வதுதான் முறை. அவர்களுக்கும் அது எளிது.

உங்கள் மாமியாரைப் பற்றி. ‘இருக்கட்டும்’ என்று அவர் சொல்வதைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் பிறந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு வந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. 1960களில் பர்மா அரசு வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமையாக்கியபோது மிச்ச நம்பிக்கையும் போனது. அதன்பிறகு இந்த ஊர்களில் வீடு வீடாகத் தூணும் நிலைக்கதவும் விலைக்குப் போனதைக் கண்ணால் பார்த்திருப்பார். முதலில் பாத்திரம் வெளியே போகும், அப்புறம் பெட்டி, அப்புறம் கதவு, கடைசியில் வீடே இருக்காது. அவர் கண்ட வரிசை அது. சாமான் வாசல் தாண்டினால் அவருக்குப் பதறாமல் என்ன செய்யும்?

அதனால் அவர் தூங்கும்போது எதையும் வெளியே அனுப்பாதீர்கள், குப்பையே ஆனாலும். ஒரு முறை அப்படிச் செய்தால் பிறகு எதையும் தொட விடமாட்டார். மாறாக அவரைக் கணக்கில் சேருங்கள். காலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு நாளைக்கு ஒரு பெட்டி மட்டும் திறங்கள். இது யார் கொண்டுவந்தது, எந்தக் கல்யாணத்துக்கு வாங்கியது, எதற்குப் புழங்கியது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். அவருக்கு மட்டுமே தெரிந்த விவரம் அதில் நிறைய இருக்கும். இதை இந்த வருடமே செய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ‘இதை எந்தப் பேத்திக்குக் கொடுக்கலாம்?’ என்றும் கேளுங்கள். தூக்கிப்போடச் சம்மதிக்காதவர்கள் கொடுக்கச் சம்மதிப்பார்கள். எடுத்துக் கொடுப்பதும் அவர் கையாலேயே நடக்கட்டும். அவருக்குக் கண்ணெதிரே வேண்டியவை சில இருக்கும்: வெற்றிலைப்பெட்டி, அவருடைய டிரங்குப் பெட்டி, அப்படி ஏதாவது. அவற்றை அவர் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அதை ஒழுங்குபடுத்தப் போகவேண்டாம்.

ஒன்றில் மட்டும் அவருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில் தரையில் எதுவும் இருக்கக்கூடாது. எண்பத்தொரு வயதில் இரவு எழுந்து நடக்கும்போது ஒரு சொம்பில் கால் தடுக்கினாலும் இடுப்பெலும்பு போய்விடும். உங்கள் வீட்டில் இன்றே செய்யவேண்டிய வேலை இது, மற்றதெல்லாம் அடுத்த வாரம் ஆகட்டும்.

பாதுகாத்து வைப்பதைப் பற்றிக் கொஞ்சம். நம் பக்கத்துக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில். வளவு திறந்த வெளி, சாரல் பத்தி வரை அடிக்கும். பெட்டிகளைப் பிரித்துக் காயவைத்து அடுக்கும் வேலையைத் தை மாதத்துக்கும் ஆனிக்கும் நடுவே முடித்துவிடுங்கள். எந்தப் பெட்டியும் தரையில் நேராக உட்காரக் கூடாது. செங்கல் வைத்து அதன்மேல் கல்பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரையான் மண்புற்றுக் கட்டிக்கொண்டுதான் ஏறும். இடைவெளி இருந்தால் அந்த மண்கோடு கண்ணில் படும், ஒட்டி வைத்தால் பெட்டி காலியான பிறகுதான் தெரியும். பட்டுப் புடவையை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து, வெளுத்த பருத்தித்துணியில் சுற்றி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு நைந்து போகும். அந்துருண்டை ஜரிகையில் படவேண்டாம், பேரப்பிள்ளைகள் வரும்போது கைக்கு எட்டவும் வேண்டாம். நிழலில் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போதும், மாதம் தவறாமல் மாற்றுவதாக இருந்தால்.

பேரேடுகளைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் கவலை. அண்டாவை யாரும் எடைக்குப் போட்டுவிட மாட்டார்கள், காகிதத்தைப் போட்டுவிடுவார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பழைய புத்தகம், பத்திரிகையோடு நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், கடிதம் என்று மற்றவர்கள் குப்பையாக நினைத்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதைக் கொண்டுதான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்கிறவர்கள் அங்கேதான் போகிறார்கள். உங்கள் வீட்டுப் பேரேட்டிலும் ரங்கூன் கடிதத்திலும் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் ஒரு தாளைக்கூட வெளியே விடாதீர்கள்.

காகிதத்தை வெயிலில் போடவேண்டாம், நிழலில் காற்றாடவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். கிழிந்ததைச் செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் கெடுக்கும். நிலப்பத்திரம், பாகப்பிரிவினை, உயில் போன்றவற்றைத் தனியே எடுத்து, படம் எடுத்து நாலு புள்ளிக்கும் அனுப்பிவிட்டு, அசலை இரும்புப் பெட்டியில் வையுங்கள். ஓலைச்சுவடி இருந்தால் கட்டை அவிழ்க்காமல் வைத்திருந்து தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். காய்ந்த ஓலை பிரிக்கும்போதே உடையும்.

இனி வியாபாரி. கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. விற்பது தவறு என்பதால் சொல்லவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நியாயமாகத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குவியலை மொத்தமாக விற்க உங்களுக்கு உரிமை இல்லை. அதில் நாலு புள்ளியின் பங்கு இருக்கிறது. ஒரு பெண் சீதனமாகக் கொண்டுவந்தது சட்டப்படி அந்தப் பெண்ணுடைய சொத்து, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுடையது. மொத்த விலை என்பதே வாங்குபவருக்கு லாபமான ஏற்பாடு. குவியலுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நோட்டு முழுமையாகி, எல்லோரும் சம்மதித்தபின், பொருளுக்குப் பொருள் விலை கேட்டு விற்றுக்கொள்ளலாம்.

அப்போதும் சட்டம் ஒன்றிரண்டு தெரிந்திருக்கட்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள் ஆகும். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடி, ஆவணம் என்றால் எழுபத்தைந்து வருடம். இவற்றை வாங்கி விற்கிறவரிடம் உரிமம் இருக்கவேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. சிங்கப்பூர்த் தம்பி ஒரு பழைய வெண்கல விக்கிரகத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். தந்தப்பெட்டி, மான்கொம்பு, புலித்தோல் எதுவும் இருந்தால் வனவிலங்குச் சட்டம் குறுக்கே வரும். விற்கவே முடியாது. உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதும் சிக்கல். வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு வனத்துறை அலுவலகத்தில் பேசுங்கள்.

எல்லாம் முடிந்தபின் மறுபடி நிரம்பாதா என்பது உங்கள் கடிதத்தின் அடியில் ஓடுகிற பயம். வருகிற வழியைப் பார்த்தால்தான் அது நிற்கும். நம் ஊரில் ஒவ்வொரு கல்யாணமும் சாந்தியும் வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் டப்பாவையாவது கொண்டுவரும். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அதற்கு ஒரே ஒரு அலமாரித் தட்டு ஒதுக்கி, வந்த அன்றே யார் கொடுத்தது என்று சீட்டு எழுதி உள்ளே போட்டு வையுங்கள். அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கு அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கே திரும்பிப் போகாமலும் இருக்கும். தட்டு நிரம்பினால் வேலைக்கு வருகிற பெண்ணிடம் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ‘இது இங்கே இருக்கட்டும்’ என்று கொண்டுவந்து இறக்குகிற பழைய டிவியும் மெத்தையும் அந்தந்தப் புள்ளியின் அறைக்கே நேராகப் போகட்டும். மாலையில் விளக்கு வைக்குமுன் பட்டாலையை ஒரு சுற்று சுற்றி, தரையில் கிடப்பதை எடுத்து அதனதன் இடத்தில் சேர்த்துவிட்டால் போதும். எல்லை சரியாகப் போட்டிருந்தால் அதற்கு அதிக நேரம் ஆகாது.

ஸ்டீல் ரேக் வாங்கவேண்டாம். மாடியில் எத்தனை பாரம் ஏற்றலாம் என்பதைக் கட்டிடம் தெரிந்தவரிடம் காட்டாமல் முடிவு செய்யக்கூடாது, நூறு வருடத்துத் தேக்கு உத்தரமாக இருந்தாலும். அந்தப் பணத்தில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பொது அறைகள் நாலிலும் நல்ல விளக்கு போடுங்கள், பழைய வயரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். நம் வீட்டு உள்ளறைகள் பகலிலும் இருட்டு. இருட்டறைக்குள் போய் ஒரு பொருளை அதன் இடத்தில் வைக்க யாருக்கும் கால் வராது, வாசலோடு நின்று பத்தியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.